பாடும் கிண்ணத்துக்கு எந்தக் கோல்? சில குறிப்புகள், ஒரு புகார்

ஊரப்பாக்கத்தில் இருக்கும் என் அத்தைக்கு 68 வயது. மாமா போன பிறகு தூக்கம் சரியில்லை. யாரோ சொல்லி, ஈ.சி.ஆர். பக்கம் நடந்த ஒரு வார இறுதி 'ஒலி சிகிச்சை' வகுப்புக்குப் போனாங்க. வகுப்புக் கட்டணத்தோடு ஒரு வெண்கலக் கிண்ணம், ஒரு மரக்கோல், ஒரு சின்ன மெத்தை, நாலு பக்கத் துண்டுப் பிரசுரம் எல்லாம் கையில கொடுத்து அனுப்பியிருக்காங்க. வீட்டுக்கு வந்து சுத்திப் பார்த்தால் கிண்ணம் பாடவே இல்லை. கரகரவென்று தகரம் உரசுற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பயிற்சியாளருக்குப் போன் போட்டுக் கேட்டதுக்கு வந்த பதில்: "உங்களுக்குள்ள எதிர்மறை ஆற்றல் நிறைய தேங்கியிருக்கு அம்மா. அது கரையுற வரைக்கும் கிண்ணம் பேசாது."

அத்தை அதை நம்பிட்டாங்க. என்கிட்ட சொன்னபோது குரலில் கோபம் இல்லை, ஒரு ஒத்துக்கொள்ளல் இருந்தது. "என்கிட்டதான்டா கோளாறு இருக்கு போல, உங்க மாமாவை நெனச்சுக்கிட்டே சுத்துறேன்ல." அந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. நான் மென்பொருள்காரன். ஒரு நிரல் ஓடலைன்னா 'பயனர் மனசு சரியில்லை'ன்னு பதில் எழுதினால் என்னை வேலையை விட்டே அனுப்பிடுவாங்க. அதனால் கிண்ணத்தையும் கோலையும் கூடுவாஞ்சேரிக்கு எடுத்து வந்து, மூன்று வாரம் மாடி அறையில் உட்கார்ந்து பார்த்தேன். பிரசுரத்தையும் பேனாவோடு படித்தேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கிண்ணத்தில் குறையில்லை. அத்தை மேலும் குறையில்லை. கோல் தப்பு.

கிண்ணம் எப்படிப் பாடுகிறது

கண்ணாடி டம்ளரின் விளிம்பில் ஈர விரலை ஓட்டி ஊய்ய் என்று சத்தம் வரவைத்திருப்பீர்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் 1761இல் இதே வித்தையை வைத்துத்தான் கண்ணாடிக் கிண்ணங்களை வரிசையாகக் கோர்த்து ஒரு வாத்தியமே செய்தார். வயலின் வில்லிலும் இதே கதைதான். உரசும் பொருள் ஒரு கணம் பற்றிக்கொள்கிறது, அடுத்த கணம் வழுக்குகிறது, மறுபடி பற்றுகிறது. இந்தப் பற்றல், வழுக்கல் நொடிக்குச் சில நூறு தடவை நடந்து, கிண்ணம் இயல்பாக அதிர விரும்பும் வேகத்தோடு ஒத்துப்போனால் ஒலி வளர்ந்துகொண்டே போகும். ஒத்துப்போகாவிட்டால் கரகர.

அதிரும்போது விளிம்பு வட்டமாக இருப்பதில்லை. ஒரு கணம் நீள்வட்டம், அடுத்த கணம் அதற்குக் குறுக்கே இன்னொரு நீள்வட்டம். இது அடிப்படைச் சுரம். அதற்கு மேல், விளிம்பு மூன்று மூலைகளாகப் பிதுங்கும் அதிர்வு ஒன்று, நான்கு மூலைக்கு ஒன்று என்று போகும். மெல்லிய வளையத்துக்கான பாடப்புத்தகக் கணக்கில் இவற்றின் விகிதம் 1, 2.83, 5.42. வீணைத் தந்தி மாதிரி 1, 2, 3 என்று ஒழுங்காக வராது. கிண்ணத்தின் ஒலி கொஞ்சம் அமானுஷ்யமாகக் கேட்பதற்கு இந்த ஒழுங்கின்மை ஒரு காரணம்.

அத்தையின் கிண்ணத்தைப் பஞ்சு சுற்றிய கட்டையால் தட்டி, பதிவு செய்து, ஆடாசிட்டியில் போட்டுப் பார்த்தேன். சுமார் 350 ஹெர்ட்ஸில் ஒரு முகடு, 985 பக்கம் இன்னொன்று. விகிதம் 2.81. பாடப்புத்தகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒலியில் 'வாவ் வாவ்' என்று ஓர் அலை கேட்கும், அதைத்தான் பலர் 'ஆற்றல் துடிப்பு' என்கிறார்கள். தட்டும்போது வரும் அலைக்குக் காரணம், கையால் அடித்த கிண்ணம் துல்லியமான வட்டமாக இல்லாதது. ஒரே அதிர்வு இரண்டு மிக நெருங்கிய சுரங்களாகப் பிரிந்து ஒன்றோடொன்று மோதுகிறது. சுற்றும்போது வரும் அலை வேறு. ஆக்டாவியோ இனாசியோ, ஹென்ரிக், அன்டூனஸ் என்ற போர்த்துகீசிய ஆய்வாளர்கள் 2006இல் எழுதிய கட்டுரையில் இதைக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். கோலோடு சேர்ந்து அந்த நீள்வட்ட வடிவமும் சுழல்கிறது. அதனால் ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு, கோல் ஒரு சுற்று வருவதற்குள் ஒலி நான்கு முறை ஏறி இறங்கும். நானும் எண்ணிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு 1.2 நொடி, அலைகள் நொடிக்கு 3.3. நான்கை 1.2ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

பிரசுரம் சொல்வது

பிரசுரத்தில் கோலைப் பற்றி இரண்டே வரி. கோல் 'புனித மரத்தால்' ஆனது, வலமாகச் சுற்றினால் ஆற்றல் உள்ளே வரும், இடமாகச் சுற்றினால் வெளியே போகும். எந்த மரம் என்று இல்லை. வலமாகவும் இடமாகவும் சுற்றிப் பதிவு செய்தேன். இரண்டு அலைமாலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் என் மனைவிக்கு மட்டுமில்லை, எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்தது, கிண்ணம் ஏழு உலோகக் கலவை, அதில் தங்கமும் பாதரசமும் உண்டு என்கிறது. பாதரசம் 357 டிகிரியில் ஆவியாகிவிடும். வெண்கலத்தை உருக்க 800 டிகிரிக்கு மேல் வேண்டும். உலையில் ஊற்றிய பாதரசம் பட்டறைக்காரர் நுரையீரலுக்குப் போயிருக்குமே தவிர, கிண்ணத்தில் தங்கியிருக்காது. நல்ல கிண்ணம் என்பது ஏறக்குறைய 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். கொரியாவில் சாப்பாட்டுக்குப் புழங்கும் பாங்ஜா வெண்கலப் பாத்திரமும் இதே அளவுதான். நம்மூரிலும் இது புதிதில்லை. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரி ஈமச்சின்னங்களிலும் கிடைத்த மெல்லிய பாத்திரங்களில் இப்படி வெள்ளீயம் மிகுந்த, சூட்டில் அடித்து நீரில் தோய்த்த வெண்கலம் இருப்பதை சாரதா சீனிவாசன் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை போகலாம். அதைத் தட்டிப் பார்க்க விடமாட்டார்கள், அது வேறு வருத்தம்.

(இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. 2019இல் வீடு மாறும்போது பாட்டியின் வெண்கலப் பானையை நானே எடைக்குப் போட்டேன். பரணில் இடமில்லை என்று காரணம். அந்தப் பானையும் தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும். கிலோ கணக்கில் விற்றவன், இப்போது வெண்கலத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறேன்.)

பிரசுரத்தின் பெரிய தவறு சக்கரங்கள் விஷயத்தில். ஆங்கில 'சி' சுரம் மூலாதாரம், 'எஃப்' அனாகதம், 'பி' சகஸ்ராரம் என்று ஒரு பட்டியல். அத்தைக்குக் கொடுத்தது 'அனாகதக் கிண்ணம்', துக்கத்துக்கு நல்லதாம். 350 ஹெர்ட்ஸ் என்பது 'எஃப்'தான், நம் கணக்கில் நாலு கட்டை. சரி. ஆனால் அதே கிண்ணத்தைத் தோல் சுற்றாத மரத்தால் வேகமாகச் சுற்றினால் 985 மேலே எழுந்து நிற்கிறது. போன் செயலி உடனே 'பி' என்று காட்டுகிறது. ஏழு கட்டை! ஆக, கோலின் ஒரு முனையில் அனாகதம், மறு முனையில் சகஸ்ராரம். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் காதில் விழுந்த எவருக்கும் இந்தப் பட்டியலே விநோதமாகப் படவேண்டும். நம் ஸட்ஜத்துக்கு நிலையான அதிர்வெண் கிடையாது. பாடுகிறவர் குரலுக்கு ஏற்ப ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதி மாறும். அப்படியிருக்க, ஐரோப்பிய ஹார்மோனியக் கட்டைகளை முதுகுத்தண்டில் ஆணி அடித்து மாட்டியது யார்?

'திபெத்தியப் பாரம்பரியம்' என்பதும் இதே ரகம். மடாலயங்களில் நீண்ட துங்சென் எக்காளம், முரசு, கைத்தாளம், கைமணி எல்லாம் உண்டு. விளிம்பைச் சுற்றிப் பாடவைக்கும் கிண்ணம் உலகத்துக்குப் பரவலாகத் தெரியவந்தது 1972இல், ஹென்றி வுல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் இருவரும் வெளியிட்ட 'டிபெட்டன் பெல்ஸ்' இசைத்தட்டுக்குப் பிறகு. அந்தத் தட்டு அழகானது. கேளுங்கள். ஆனால் ஐம்பது வருடப் பழக்கத்துக்கு ஆயிரம் வருட வயது போடுவது எதற்கு? மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருக் கடைகளில் கேட்டால் வயது இன்னும் கூடும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த ஒலி மனதை அமைதிப்படுத்தவே படுத்தாது என்று நான் சொல்லவில்லை. கோல்ட்ஸ்பியும் குழுவினரும் 62 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், கிண்ண ஒலியோடு படுத்திருந்த பிறகு பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததாகப் பங்கேற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. சும்மா படுத்திருந்தாலே எவ்வளவு குறையும் என்பது அதிலிருந்து தெரியாது. பிரசுரம் இதை 'அறிவியல் நிரூபித்தது' என்கிறது. அத்தை நல்லவேளை பிரஷர் மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்தலாமா என்று ஒரு தடவை கேட்டாங்க.

கொட்டாப்புளி

சரி, கோலுக்கு வருவோம். தமிழில் மரச் சுத்தியலுக்குக் கொட்டாப்புளி என்று நல்ல சொல் இருக்கிறது. உளியைத் தட்ட தச்சர் வைத்திருப்பது. கொட்டாப்பிடி என்றும் சொல்வார்கள். புளியங்கட்டையில் செய்வதால் இந்தப் பெயர் என்று ஒரு தச்சர் சொன்னார். 'பிடி'தான் புளியாகத் திரிந்திருக்கும் என்பது என் ஊகம். பந்தயம் கட்டமாட்டேன்.

மரத்தால் உலோகத்தைத் தட்டி ஒலி எடுப்பது நமக்கு அந்நியமில்லை. சேகண்டி, பெருமாள் அடியார்கள் சங்கோடு சேர்த்துத் தட்டிவரும் சேமக்கலம் இரண்டுமே மரக்குச்சியால் தட்டுவதுதான். எங்கள் பக்கத்துச் சிவன் கோயிலில் சேகண்டியை இப்போது தட்டுவதில்லை. மோட்டார் வைத்த மணி முரசு இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் சேகண்டி இன்னும் அதே வளையத்தில் தொங்குகிறது, குச்சியும் கயிற்றில் கட்டியபடி பக்கத்தில் இருக்கிறது. குருக்களைக் கேட்டுக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது. அந்தக் குழியில் மரம் பஞ்சு மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது. பல வருடம் தட்டித் தட்டி, குச்சி தானே ஒரு மெத்தைத் தலையை உண்டாக்கிக்கொண்டது. புதுப் பக்கத்தால் தட்டினால் 'டங்'. தேய்ந்த பக்கத்தால் தட்டினால் 'டோங்ங்ங்'.

இதுதான் கோல் தேர்வின் சாரம். கடினமான முனை உலோகத்தைத் தொட்டு உடனே விலகும், அதனால் உயர்ந்த அதிர்வுகளையும் எழுப்பிவிடும். மெத்தென்ற முனை கூடுதல் நேரம் ஒட்டியிருக்கும். 985 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒரு முழுச் சுற்று முடிக்க ஏறக்குறைய ஒரு மில்லி நொடிதான் ஆகிறது. கோல் அவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருந்தால், தான் எழுப்பிய அந்த அதிர்வைத் தானே அமுக்கிவிடும். 350க்கு மட்டும் வழி கிடைக்கும்.

செங்கல்பட்டில் ஒரு கடைசல் பட்டறையில் நாலு கோல் கடைந்து வாங்கினேன்: தேக்கு, வேம்பு, பூவரசு, புளி. பூவரசு கேட்டதற்குக் காரணம் தவில். தவில் குச்சி அந்த மரத்தில்தான் வழக்கம். கடைசல்காரர் சிரித்தார். "என்ன சார், சப்பாத்திக் கட்டையா? இவ்ளோ சின்னதா?" என்றார். விளக்கினேன். பாதியில் டீ குடிக்கப் போய்விட்டார்.

மூன்று வாரம் சுற்றியதில் கண்டது: எந்த மரம் என்பது நான் நினைத்த அளவுக்கு முக்கியமில்லை. தடிமன், எடை, மேற்பரப்பு, இந்த மூன்றும்தான் முக்கியம். ஒரே தடிமனில் வேம்புக்கும் பூவரசுக்கும் என் காது வித்தியாசம் காணவில்லை. புளி மட்டும் கனத்தால் தனித்துத் தெரிந்தது. கிண்ணம் சின்னது, கோல் பெரிது, அதனால் கொஞ்சம் அழுத்தினாலும் அதிர்வை அடக்கிவிட்டது.

அத்தையின் கோலில் இரண்டு குறைகள். முதலாவது, பளபளவென்று வார்னிஷ். வார்னிஷ் மேல் உலோகம் வெறுமனே வழுக்கும், பற்றாது. பற்றல் இல்லாமல் இந்த விளையாட்டே கிடையாது. வயலின்காரர் வில்லுக்கு ரோசின் தேய்ப்பது எதற்கு? அதே காரணம். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து வார்னிஷை எடுத்தேன், பத்து நிமிட வேலை. கரகரப்பு பாதி போனது. இரண்டாவது, கோல் ஒல்லி, சுமார் 2 சென்டிமீட்டர். ஒல்லிக் கோல் உயர் அதிர்வைத்தான் சட்டென்று பிடிக்கும், கீச்சென்று கிளம்பும். அதைவிட முக்கியமானது, அத்தைக்கு விரல் மூட்டுகளில் வீக்கம் உண்டு. ஒல்லிக் கம்பை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பாமல், ஒரே அழுத்தத்தில் சுற்றுவது அவங்களால் முடியாது. அழுத்தம் ஏறி இறங்கினால் கோல் விளிம்பை விட்டு விட்டுத் தொடும், அதுதான் கரகர. இதற்குப் பெயர் எதிர்மறை ஆற்றலாம்.

பூவரசங்கோலை மூன்றரை சென்டிமீட்டர் தடிமனில் கடையச் சொல்லியிருந்தேன். ஒரு முனையில் பழைய தோல் பையிலிருந்து வெட்டிய துண்டை, சொரசொரப்பான உள்பக்கம் வெளியே தெரியும்படி சுற்றி ஒட்டினேன். ஒட்டு விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு 'டக்' விழும். முதல் தடவை ஏறிவிட்டது, பிரித்து மறுபடி செய்தேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். கடையில் கிண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பாதியையாவது கோலுக்குக் கொடுங்கள். கடைக்காரர் கையில் பாடுவதைக் கேட்டு மயங்காதீர்கள், அவர் தினமும் சுற்றுகிறவர். நாலைந்து கோலை எடுத்து உங்கள் கையாலேயே அதே கிண்ணத்தில் சுற்றிப் பாருங்கள். உள்ளங்கை அளவுக் கிண்ணத்துக்கு ஒல்லியான வெறும் மரம் போதும். இரண்டு கை வேண்டியிருக்கும் பெரிய கிண்ணத்துக்குக் கனமான, தோல் சுற்றிய கோல். வார்னிஷ் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அல்லது உப்புத்தாளுக்குப் பத்து ரூபாய் ஒதுக்குங்கள். 'புனித மரம்' என்று கூடுதல் விலை சொன்னால் எந்த மரம் என்று கேளுங்கள், பதில் பெரும்பாலும் வராது.

சுற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கிண்ணம் விரித்த உள்ளங்கையில் இருக்கவேண்டும், விரல்கள் சுவரைத் தொடக்கூடாது. முதலில் லேசாக ஒரு தட்டு, அதிர்வு துவங்கட்டும். பிறகு கோலை ஏறக்குறைய நிமிர்த்தி, வெளி விளிம்பில் சாய்த்து, தோளிலிருந்து முழுக் கையையும் அசைத்துச் சுற்றவேண்டும். மாவு அரைக்கிற குழவியை ஓட்டுவது போல. அவசரம் கூடாது. ஒலி பெரிதாகிக் கோல் துள்ளத் தொடங்கினால் வேகத்தைக் குறையுங்கள், அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். இரும்பால், எவர்சில்வர் கரண்டியால் தட்டவே கூடாது. வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் உடையும் சுபாவம் கொண்டது, கீழே போட்டாலும் விரிசல் விடும்.

பொங்கலுக்கு மறுவாரம் கிண்ணத்தையும் கோலையும் அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாவது சுற்றில் பாடிவிட்டது. அத்தை சட்டென்று நிறுத்திவிட்டாங்க, பயந்த மாதிரி. பிறகு மறுபடி சுற்றினாங்க. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப என்கிட்ட ஒண்ணும் இல்லையாடா?" என்றாங்க.

"வார்னிஷ் அத்தை," என்றேன்.

"ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா வாங்கிட்டு வார்னிஷ் அடிச்சுக் கொடுத்திருக்கான் பாரு," என்று பயிற்சியாளரைத் திட்ட ஆரம்பித்தாங்க. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவங்க பழைய குரலைக் கேட்டேன்.

மூட்டு வலி இருக்கும் நாட்களில் சுற்றுவதில்லை. தோல் முனையால் ஒரு தட்டு, ஒலி அடங்கும்வரை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாங்களாம். ஜப்பானியக் கோயில்களிலும் நிற்கும் கிண்ண மணியைத் தட்டத்தான் செய்கிறார்கள் என்று சொன்னேன், அதில் அவங்களுக்கு ஆர்வமில்லை. தூக்கம் முன்னைக்குப் பரவாயில்லை என்கிறாங்க. அது கிண்ணத்தாலா, திட்டியதாலா என்று பிரித்துப் பார்க்க என்னிடமும் ஒப்பிடும் குழு கிடையாது. புளியங்கட்டைக் கோலையும் கேட்டு வாங்கிக்கொண்டாங்க. அது இஞ்சி நசுக்க வாகாக இருக்கிறதாம்.